டியூப்லைட்டைத் தாண்டியும் பல்லி உண்டு: கொங்கு நாட்டு ராத்திரிப் பல்லிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்குப் பக்கம். வேலையும் குடித்தனமும் திருப்பூரில். சனிக்கிழமை பொழுதோடு தோட்டத்துச் சாளைக்குப் போய்விட்டால், சாப்பிட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளுவை வேலி ஓரமாக ஒரு சுற்று நடப்பேன். பல்லி பார்க்க. "ஊட்டுல இல்லாத பல்லியா?" என்று சிரிப்பவர்கள்தான் அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஒறம்பரை, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், பனியன் கம்பெனி நண்பர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி என்னவோ அதேதான். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, பல்லின்னா பல்லிதானே? அதுல என்ன வகை வேண்டிக் கிடக்குது?

டியூப்லைட்டுக்குக் கீழே பூச்சி பிடிப்பது வீட்டுப் பல்லி. அறிவியல் பெயர் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ். மனிதன் போன இடமெல்லாம் கப்பலிலும் சரக்கிலும் ஒட்டிக்கொண்டு போய், இன்றைக்கு உலகத்தின் வெப்பப் பகுதிகள் பலவற்றில் குடியேறிவிட்டது. நாம் தினமும் பார்ப்பது இது ஒன்றைத்தான், அதனால் பல்லி என்றாலே இதுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

லைட்டை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். தென்னை, பனை, புளியமரத்துத் தண்டுகளில் பட்டையோடு பட்டையாகச் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருப்பது மரப்பல்லி. வீட்டுப் பல்லியைவிடத் தடித்த உடம்பு. எங்கள் சாளைத் திண்ணையில் ஒரே ஒரு பல்புதான். மரப்பல்லி வந்துவிட்டால் வீட்டுப் பல்லிகள் மரியாதையாக ஒதுங்கிவிடும். ஒதுங்காவிட்டால் சின்னதைப் பெரியது தின்றுவிடும், அதையும் பார்த்திருக்கிறேன். இவை போக, கொரங்காட்டில் (மழையை நம்பிய மேய்ச்சல் நிலம்) கல்லுக்கு அடியிலும் கறையான் புற்றிலும் ஒரு வகை, கரட்டுப் பாறை இடுக்கில் பெரிய உடம்புக்காரப் பல்லிகள், மலைக்கு மேலே ஏறினால் அந்தந்த மலைக்கென்றே சில வகைகள். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணாடில கூட தலைகீழா நடக்குதே, காலுல பசை இருக்குதா?

பசை இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பல்லி உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து அதன் பாதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் ஓட்டு வீட்டுக் கூரைபோல வரிசையாகச் சின்னப் பட்டைகள் தெரியும். நம் கண்ணுக்கு எட்டுவது அவ்வளவுதான். அந்தப் பட்டைகளின் மேல் நகம், முடி போன்ற கெரட்டின் வகைப் பொருளாலான மயிரிழைகள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன. டோக்கே என்ற பெரிய பல்லியில் கணக்கிட்டதில் ஒரு பாதத்துக்குச் சுமார் 5 லட்சம் இழைகள் வந்தன. ஒவ்வொரு இழையும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளை நுனியின் அகலம் நம் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு நுண்ணிய நுனி சுவரை மிக நெருங்கிப் போய்விடுவதால், இரண்டு பொருள்களின் மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள வான் டெர் வால்ஸ் விசை வேலை செய்ய ஆரம்பிக்கிறது. தனித்தனியாக அது ஒன்றுமேயில்லாத விசை. கோடிக்கணக்கில் சேர்ந்தால் பல்லியைத் தாங்கும். அமெரிக்க விஞ்ஞானி கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவும் 2000ல் ஒற்றை இழையின் பிடியை அளந்தார்கள். காரணம் இந்த விசைதான் என்பதற்குச் சான்றை 2002ல் வெளியிட்டார்கள்.

ஒட்டுவதைவிட எனக்கு ஆச்சரியம், அது காலை எடுக்கிற விதம். நம் விரல் உள்பக்கம்தான் மடங்கும். பல்லியின் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருளும். ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து உரிக்கிற மாதிரி உரித்து எடுத்துவிட்டு அடுத்த அடி வைக்கிறது. ஓடும்போது ஒரு நொடிக்குள் பல தடவை.

அவ்வளவு பிடி இருந்தா, சில நேரம் பொத்துன்னு விழுதே?

பெரும்பாலும் சண்டையில் விழும், இல்லாவிட்டால் பூச்சி மேல் பாயும்போது கணக்குத் தப்பி விழும். பிடி பொருளையும் பொறுத்தது. நான்ஸ்டிக் தவாவில் பூசும் டெஃப்ளான் காய்ந்திருந்தால் பல்லிக்கு அதில் பிடி கிடைப்பதில்லை. சுண்ணாம்பு உதிரும் பழைய சுவரில் கால் முழுக்கத் தூசி ஒட்டும். ஆனால் சுத்தமான இடத்தில் சில அடி நடந்தாலே அந்த இழைகள் தூசியைத் தாமாகவே உதறிவிடும். கால் கழுவத் தேவையே இல்லாத பாதம்.

கும்மிருட்டுல அதுக்கு எப்படிக் கண்ணு தெரியுது?

கொஞ்சம் பழைய கதை இது. கண்ணுக்குள் மங்கிய வெளிச்சத்துக்கென்று ஒரு வகைச் செல், நிறத்துக்கும் பகலுக்கும் வேறொரு வகைச் செல். பல்லியின் தொல்முன்னோர் பகலில் திரிந்தவை என்பதால் இருட்டுச் செல்களை இழந்துவிட்டன. பின்னாளில் இந்தப் பரம்பரை ராத்திரிக்கு மாறியபோது இழந்தது திரும்பி வரவில்லை. இருந்த பகல் செல்களே நீண்டு பெருத்து இருட்டுக்குப் பழகிக்கொண்டன. அதில் ஒரு லாபம், நிறம் பார்க்கும் திறன் கூடவே தங்கிவிட்டது. நிலா வெளிச்சத்தில் நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் நேரத்திலும் பல்லிக்கு நிறம் தெரியும். ஸ்வீடனைச் சேர்ந்த லினா ரோத், அல்முட் கெல்பர் இருவரும் 2004ல் ஆப்பிரிக்கப் பல்லி ஒன்றை வைத்து இதைக் காட்டினார்கள்.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்குப் பகல் வெளிச்சம் ஆகாது. அதனால்தான் ராத்திரி வட்டமாக விரிந்திருக்கும் கண்பாப்பா பகலில் செங்குத்துக் கோடாகச் சுருங்கிவிடுகிறது. டார்ச் அடித்தால் கண்ணெதிரிலேயே சுருங்குவதைப் பார்க்கலாம். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்ப முகத்தில் அடிக்காதீர்கள்.

அது தன் கண்ணைத் தானே நக்கும்னு எம் பையன் சொல்றான். நெசமா?

நிஜம். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணை மூடியபடி நிரந்தரமாக ஒரு கண்ணாடித் தோல் உண்டு. தூசி படிந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும், கார் வைப்பர் மாதிரி. தோல் உரிக்கும்போது இந்தக் கண்ணாடியும் சேர்ந்து உரியும். உரித்த தோலை வீணாக்காமல் தின்றும்விடும்.

ஓணான் வெயில்ல காயுது, சரி. ராத்திரி திரியற பல்லிக்குச் சூடு எங்கிருந்து?

சுவரிலிருந்து. ஓணான் சூரியனிடம் நேராக வாங்குவதைப் பல்லி கடனுக்கு வாங்குகிறது. சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்ந்த மேற்குச் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பல்லி வயிற்றை அதில் அப்பிக்கொண்டு உட்காரும். கரட்டுப் பாறையும் அப்படித்தான், பொழுது சாய்ந்து வெகுநேரம் சூடு தாங்கும். எங்கள் வீட்டில் கிழக்குச் சுவரில் ஒன்று இரண்டு இருந்தால் மேற்கில் ஏழெட்டு இருக்கும்.

மார்கழி, தையில் கண்ணில் படாததற்கும் இதுதான் காரணம். குளிரில் உடம்பு மந்தமாகிவிடும், பூச்சியும் குறைவு. அட்டாலியில் சாமான்களுக்குப் பின்னாலோ போட்டோ ஃப்ரேமுக்குப் பின்னாலோ பதுங்கிக் கிடக்கும். நிற விஷயமும் ஒன்று: பகல் பதுங்கலில் கறுத்துத் தெரிவதும் ராத்திரி வெளிறித் தெரிவதும் ஒரே பல்லிதான். தோலின் நிறத்தை அது கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

கௌளி சொன்னா பலிக்கும்பாங்க. அது என்னதான் சொல்லுது?

"இது என் இடம், கிட்ட வராதே" என்று சொல்கிறது. பெரும்பாலும் ஆண்தான். பல்லிக்குக் குரல்நாண் உண்டு. ஊர்வனவற்றில் இந்த அளவுக்குக் குரல் உள்ளவை அபூர்வம். இருட்டில் திரியும் பிராணிக்குத் தலையாட்டியோ நிறம் காட்டியோ தூரத்தில் இருப்பவனுக்கு எல்லை சொல்வது கஷ்டம், சத்தம்தான் எட்டும். ஓணான் பகலில் தலையாட்டிச் சொல்வதை இது "ச்சக் ச்சக்" என்று சொல்கிறது.

சகுனத்தை நான் கேலி செய்வதில்லை. அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சி, கௌளி சத்தம் கேட்டால் தரையைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஆனால் "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே அமுச்சிதான்.

வால் அறுந்து தனியாத் துள்ளுதே, அதுக்கு உசுரு இருக்கா?

உயிர் இல்லை, நரம்பின் துடிப்பு மட்டும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பூனை அந்தத் துள்ளலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி ஓடிவிடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. வால் எலும்புக்குள் ஏற்கெனவே கோடு போட்ட மாதிரி பலவீனமான இடங்கள் உண்டு. தசையை இறுக்கினால் அங்கே துண்டாகும். ரத்தம் அதிகம் வராது.

மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வால் ஆகாது. உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் ஒரே குருத்தெலும்புக் குச்சி. வெளியே நிறமும் செதிலும் ஒட்டுப் போட்ட துணிபோல மாறித் தெரியும். வாலில் கொழுப்பைச் சேமித்து வைப்பதால், வால் போனால் பல்லிக்குச் சேமிப்பும் போச்சு. விளையாட்டுக்கு அடிக்கிற பையன்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பால்ல, கொழம்புல பல்லி விழுந்தா வெஷம்தானே?

பல்லிக்கு விஷப்பையும் இல்லை, விஷப்பல்லும் இல்லை, தோலிலும் விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலிலும் கழிவிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆறிப்போய் நேரங்கடந்த சாப்பாட்டில் அது பெருகினால் வாந்தி, பேதி, காய்ச்சல் வரும். ஆகவே விழுந்த சாப்பாட்டைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். தெரியாமல் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், குறிப்பாகக் குழந்தைகளாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாத்திரத்தை மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே வராது. அடுப்புத் திட்டில் காயும் எச்சத்தையும் சோப்புப் போட்டுத் துடையுங்கள். எச்சத்தின் நுனியில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம், அதாவது பல்லியின் சிறுநீர். தண்ணீரை வீணாக்காமல் கட்டியாக வெளியேற்றுகிறது. வறண்ட காங்கேயத்தில் பிழைக்க அந்தச் சிக்கனம் வேண்டும்.

முட்டை ஓடு, மயிலிறகு, அந்துருண்டை... எதுதாங்க பல்லிய விரட்டும்?

எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்த முட்டை ஓட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பல்லி படுத்திருந்த போட்டோ என்னிடம் இருக்கிறது. மயிலிறகும் அப்படித்தான். அந்துருண்டையைத் திறந்த இடத்தில் வைத்தால் பல்லிக்கு முன் குழந்தைக்குக் கெடுதல். ஒட்டும் அட்டை வாங்காதீர்கள், நாள் கணக்கில் துடித்துச் சாகும். ஏற்கெனவே ஒட்டிக் கிடந்தால் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் விடுபடும்.

பல்லி பூச்சிக்காக வருகிறது, பூச்சி வெளிச்சத்துக்காக வருகிறது. வாசலில் நீல வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு மஞ்சள் எல்.இ.டி போட்டால் பூச்சி கண்கூடாகக் குறையும். சமையலறை ஜன்னலுக்கு வலை அடியுங்கள். இன்வெர்ட்டர், ஏசி போர்டு ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். உள்ளே புகுந்து தானும் செத்து, போர்டையும் கெடுத்துவிடும். மற்றபடி கொசுவும் கரப்பான் குஞ்சும் தின்கிற ஜீவன் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே.

மீட்டர் பெட்டில வெள்ளையா ரெண்டு உருண்டை இருந்துச்சு. பல்லி முட்டையா?

ஆமாம். ஒரு ஈடுக்கு இரண்டுதான். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரியது. இடும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டதும் சுண்ணாம்பு ஓடாக இறுகிவிடும். பாம்பு முட்டை தோல்போல நெகிழும், இது தட்டினால் உடையும். இந்தக் கெட்டி ஓடு ஈரத்தை விடாது, அதனால்தான் காய்ந்த சுவர் இடுக்கில்கூடப் பொரிக்கிறது. ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். அடைகாப்பதும் இல்லை, குஞ்சை வளர்ப்பதும் இல்லை.

இன்னொரு சங்கதி. வீட்டுப் பல்லியில் பெண், ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைத்து, அப்புறம் தனியாகவே முட்டையிடும். மரச்சாமான் லோடில் ஒரே ஒரு பெண் பல்லி புது ஊருக்குப் போனாலும் குடும்பம் ஆரம்பித்துவிடலாம். முதல் கேள்வியில் சொன்ன உலகப் பயணத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லைப் பொரட்டுனா வரி வரியா, புள்ளி வெச்ச மாதிரி ஒண்ணு ஓடுச்சு. வெஷப் பல்லியா?

இது எங்கள் பக்கத்துக் கேள்வி. கொரங்காட்டில் கல் புரட்டினாலோ, வெள்வேல மரத்தடிப் புற்றைக் கிளறினாலோ வரும். பழுப்பு உடம்பில் அகலமான பட்டைகள், பட்டை ஓரத்தில் வெண்புள்ளிகள். ஹெமிடாக்டைலஸ் ட்ரையெட்ரஸ் என்று பெயர். 1802ல் டோடான் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரிட்டது. நான் புற்றுப்பல்லி என்கிறேன். புற்றுக்குள் வெயில் ஏறாது, ஈரம் இருக்கும், வாசலிலேயே கறையான் கிடைக்கும். பகல் முழுக்க உள்ளே இருந்துவிட்டு இருட்டியதும் தரையில் இரை தேடும்.

விஷம் கிடையாது. நம் ஊரில் பல்லி, ஓணான், அரணை எதற்குமே விஷம் இல்லை. "அரணை கடித்தால் மரணம்" என்பது எதுகைக்காகப் பிழைத்திருக்கும் பழமொழி. ஆனால் கல்லை வெறுங்கையால் புரட்டாதீர்கள். அதே கல்லுக்கு அடியில் சுருட்டை விரியன் இருக்கும், அதற்கு விஷம் உண்டு. புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள், அது யாரோ ஒருவரின் கூரை.

பல்லி இருந்தா அதைத் திங்கப் பாம்பு வருமாமே?

வரலாம். ஓநாய்ப் பாம்பு என்று ஒன்று உண்டு, விஷமில்லாதது. ராத்திரியில் சுவரேறிப் பல்லி பிடிப்பதில் கெட்டிக்காரப் பாம்பு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரிகள் இருப்பதால் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக் கொல்கிறோம். ஓநாய்ப் பாம்புக்கு வரி கழுத்திலிருந்தே தொடங்கி, போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வரியே இருக்காது, முதுகின் நடுவில் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசை ஓடும். இதைப் படித்துவிட்டுக் கிட்டப் போய்ச் செதில் எண்ணாதீர்கள். எதுவானாலும் விலகி நின்று, பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

மலைக்கு மேல இருக்கற பல்லியும் இதேதானா?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைக்கும், காற்று குளிரும். குளிர்ச்சிக்குப் பழகிய ஒரு சின்னப் பல்லிக்குக் கீழே உள்ள நாமக்கல் சமவெளி கடக்க முடியாத கடல். அதனால் ஒவ்வொரு மலை உச்சியும் ஒரு தீவு. பல லட்சம் வருடம் தனித்துக் கிடந்தவை தனி வகைகளாகப் பிரிந்துவிட்டன. சேர்வராயன் மலையிலிருந்து ஒல்லிப் பல்லி ஒன்றை பெட்டோம் என்ற ஆங்கில வன அதிகாரி 1870ல் விவரித்தார். அதே பேரினத்தைச் (நெருங்கிய வகைகள் அடங்கிய குழு) சேர்ந்த கொல்லிமலைப் பல்லி தனி வகை என்று தெரிந்தது 2019ல்தான். அதன் பெயரே கொல்லியென்சிஸ். உடம்பு நம் சுண்டுவிரல் நீளம்கூட வராது, அதுவும் ராத்திரிப் பிராணிதான்.

வால்பாறைப் பக்கம் ஆனைமலைப் பல்லி. 1875ல் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்தது. 1933ல் ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் அதற்கென்று திராவிடோகெக்கோ என்ற தனிப் பேரினத்தையே ஏற்படுத்தினார். 1995ல் அதை வீட்டுப் பல்லியின் பேரினத்தோடு கலைத்துவிட்டார்கள். 2019ல் மரபணுவைப் பார்த்துத் திரும்பவும் தனியாக்கி, கூடவே ஆறு புது வகைகளையும் சேர்த்தார்கள். அதில் கொடைக்கானல் பக்கத்து வகை ஒன்றுக்குத் 'தொல்பல்லி' என்று பெயர், நல்ல தமிழிலேயே. சத்தியமங்கலத்துக்கு அந்தப்பக்கம் கொள்ளேகால் பல்லி, 1870ல் பெட்டோம் விவரித்தது. அன்றைக்குக் கொள்ளேகால் கோயம்புத்தூர் ஜில்லா, 1956ல்தான் மைசூரோடு போனது. இந்தப் பல்லி சருகில் திரியும் தரைவாசி. ஏறும் வேலை இல்லாததால் காலில் அந்த ஒட்டும் பட்டைகளே கிடையாது, நகம் மட்டும்தான்.

எல்லாமே ராத்திரிக்காரர்களும் இல்லை. ஏற்காட்டுப் பாறைகளில் பகலில் ஓடும் குட்டிப் பல்லிகள் உண்டு, கண்பாப்பா வட்டமாக இருக்கும். சேர்வராயன் வட்டாரத்து மலைகளிலிருந்து 2022ல் விவரிக்கப்பட்ட அந்த ரகத்துப் பல்லி ஒன்றுக்கு, அது துள்ளி ஓடுவதைப் பார்த்து ஜாக்கி சான் பெயரை வைத்தார்கள்.

ஒரு பல்லி பல லட்சத்துக்குப் போகுதாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

அது டோக்கே பல்லி, இரண்டாம் கேள்வியில் பார்த்தோமே அதே ஆள். இந்தியாவில் வடகிழக்கில்தான் இருக்கிறது, நம் பக்கம் கிடையாது. மருந்து என்று கிளப்பிவிட்ட வதந்தியால் அதைப் பிடித்துப் பிடித்து, 2019ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. நம் தோட்டத்துப் பல்லியைப் பிடித்துக்கொண்டு எவனிடமாவது போனால் லட்சம் வராது, வனத்துறை வரும்.

எங்களையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போவீங்களா? என்ன கொண்டு வரணும்?

மூடிய ஷூ, டார்ச், வாயை மூடிக்கொண்டு நடக்கும் பொறுமை. ஆடிக் காற்று அடிக்கும் ராத்திரிகள் வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பூச்சியும் பறக்காது, பல்லியும் வெளியே வராது. மழை பெய்து விட்ட அடுத்த நாள், ஏழரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில் பிடித்துப் புல்லில் அடித்தால் பச்சைப் பொட்டுகளாக மின்னும். அவை பல்லி இல்லை, ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். ஏமாந்துவிட வேண்டாம், நானே ஒரு வருடம் ஏமாந்தேன்.

போன வாரம் அக்கா மகள் கூட வந்தாள், ஏழு வயது. பொடக்காலிப் பக்கத்துப் பனைமரத்தில் வெளிச்சத்தை ஓட்டி, "எங்கே இருக்குன்னு சொல்லு கண்ணு" என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாமா, மரம் மூச்சு விடுது" என்றாள்.